பழைய சிஎன்சி மிஷின்ல டியூப் மானிட்டரை எடுத்துட்டு எல்சிடி போடறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க லேத் பட்டறை காரைக்குடி கழனிவாசல் பக்கம் இருக்கு. புதுவயல் ரைஸ் மில்லுகளுக்கு ஷாஃப்ட்டு, புல்லி, புஷ்ஷுன்னு வருஷம் பூரா வேலை ஓடும். எங்ககிட்ட இருக்கிற பழைய சிஎன்சி (கம்ப்யூட்டர் கணக்குல தானா ஓடற) லேத்துல பிக்சர் டியூப் மானிட்டர் போயி எல்சிடி மாத்தினோம், அதைப் பாத்துட்டு தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் தெரிஞ்சவுக பட்டறைலயும் போயி மாத்திக் கொடுத்தோம். எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகதான், ஒவ்வொருத்தருக்கும் ஃபோன்ல அரை மணி நேரம் சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதி வச்சுட்டேன்.

ஸ்கிரீன் போயிருச்சு. மிஷினையே எடைக்குப் போட்டுருங்கன்னு சொல்றாக. நெசமாவே அவ்வளவுதானா?

இல்லைங்க, தயவுசெஞ்சு போட்டுறாதீங்க. பெட் நல்லா இருக்கு, ஸ்பிண்டில் சத்தம் போடல, பால் ஸ்க்ரூல ஆட்டம் இல்ல, சர்வோ ஒழுங்கா ஓடுதுன்னா உங்க மிஷினுக்கு ஒண்ணும் ஆகல, அதோட முகம் மட்டும்தான் இருண்டு போயிருக்கு. நம்ம ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய பூட்டு, பழைய பீங்கான் தட்டு, பர்மா தேக்கு நிலைன்னு எங்கெங்க இருந்தோ வந்து கேட்ட காசைக் கொடுத்து வாங்கிட்டுப் போறாக, அதே ஊர்ல மைக்ரான் கணக்குல ஓடுற ஒரு லேத்தை கிலோ கணக்குல தூக்கிப் போடறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. 90கள்ல வந்த மிஷினுக்கு வார்ப்பு இரும்பு கனமா இருக்கும், இன்னைக்கு அந்த கனத்துல புதுசு வாங்கணும்னா என்ன விலைன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க.

பழைய கண்ட்ரோலர் பெரும்பாலும் ஸ்கிரீனை நம்பி ஓடறதில்ல. கணக்குப் போடறது, ஆக்ஸிஸை நகத்தறது எல்லாம் உள்ள இருக்கிற போர்டு, மானிட்டர் அது சொல்றதைக் காட்டற ஆளு மட்டும்தான். அதனாலதான் மானிட்டரை மட்டும் தனியா மாத்த முடியுது.

அப்ப ஸ்கிரீன் இல்லாமலே கொஞ்ச நாள் ஓட்டலாம்ல? ப்ரோக்ராம் பழகினதுதானே.

ஓடும். ஆனா ஓட்டாதீங்க. மங்கலா தெரியுது, சமாளிச்சுக்கலாம்னு நினைக்கிறது அதை விட மோசம், முழுசா இருட்டா இருந்தாலாவது ஆப்ரேட்டர் பயந்து நிறுத்திருவாரு.

எங்க பட்டறைல நடந்ததைச் சொல்றேன். அறுப்பு சீசன், மில்லுக்காரவுக ரப்பர் ரோல் ஷாஃப்ட்டு அவசரமா கேட்டு நிக்கிறாக. பேரிங் உக்கார்ற இடம் 40 மில்லி வரணும், அளந்தா 39.96 இருக்கு. சரின்னு ஆப்ரேட்டர் தம்பி ஆஃப்செட்ல, அதான் டூல் நிக்கிற இடத்தைத் திருத்தற எண்ல, 0.04 கூட்டறதுக்குப் போட்டுச்சு. முன்னாடி ஏதோ ஜாப்புக்கு மைனஸ்ல போட்டு பழகின கை, இதுலயும் மைனஸ் விழுந்துருச்சு. ஸ்கிரீனோட இடது ஓரம் அப்பவே மங்கிக் கெடந்துச்சு, அந்த சின்ன கோடு கண்ணுக்கே தெரியல. கையை வச்சு வெளிச்சத்தை மறைச்சு குனிஞ்சு பாத்துட்டு "சரியாத்தாண்ணே இருக்கு"ன்னு சொல்லிட்டு சைக்கிள் ஸ்டார்ட் அடிச்சுச்சு. அடுத்த ஷாஃப்ட்டு 39.92, சந்தேகம் வந்து அளக்கறதுக்குள்ள அதுக்கடுத்ததும் போயிருச்சு. பேரிங்கை வச்சா தானா வழுக்கிக்கிட்டு இறங்குது. ரெண்டு ஷாஃப்ட்டு இரும்பு, ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல மில்லுக்காரர்கிட்ட போயி நின்ன அந்த நிமிஷம். தம்பி மேல தப்பே இல்ல, அந்த ஸ்கிரீனைக் கொடுத்து ஓட்டச் சொன்னது நான்தான். அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன்.

டூல் சக்குல போயி இடிக்கிறதும் இதே மாதிரிதான், ஒரு புள்ளி தெரியாததுலதான் ஆரம்பிக்கும். பழைய ஃபானுக் கம்பெனி கண்ட்ரோலர் மாதிரி இருக்கிறதுல 5ன்னு மட்டும் அடிச்சா 5 மைக்ரான், 5க்குப் பக்கத்துல புள்ளி வச்சு அடிச்சா 5 மில்லின்னு எடுத்துக்கிற செட்டிங் உண்டு. ஒரே ஒரு புள்ளிக்கு ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

மாத்தறதுக்கு முன்னாடி முதல்ல என்ன செய்யணும்?

ஸ்க்ரூட்ரைவரைத் தொடாதீங்க, முதல்ல பேட்டரியைப் பாருங்க.

இதை நான் எங்க போனாலும் மூணு தடவை சொல்லுவேன், ஏன்னா மானிட்டர் மாத்தப் போயி மிஷினையே இழக்கிறது இந்த இடத்துலதான். பழைய கண்ட்ரோலர்ல பாராமீட்டர் (மிஷினோட அடிப்படை செட்டிங்), ப்ரோக்ராம், ஆஃப்செட் எல்லாம் பேட்டரி தயவுலதான் நிக்குது. ஃபானுக் 0 சீரிஸ்ல டார்ச் லைட்டுக்குப் போடற பெரிய செல் மூணு ஒரு டப்பாவுல இருக்கும். பேட்டரி இறங்கிருச்சுன்னா ஸ்கிரீன்ல பேட்-னு மின்னி மின்னி எச்சரிக்கை வரும், ஆனா உங்களுக்குத்தான் ஸ்கிரீனே இல்லையே, அந்த எச்சரிக்கையை யாரு பாக்குறது? ஸ்கிரீன் போச்சுன்னு மிஷினை நிறுத்திப் போட்டு, பார்ட்ஸ் வரட்டும்னு ரெண்டு மாசம் காத்துக்கிட்டு இருந்தா, அதுக்குள்ள செல்லு செத்து மெமரி பூரா காலியாயிரும். அப்புறம் புது ஸ்கிரீன் பளபளன்னு எரியும், காட்டறதுக்குத்தான் உள்ள ஒண்ணும் இருக்காது.

அதனால செல்லு மூணும் புதுசா வாங்குங்க, அல்கலைன் செல், கம்பெனி செல். மாத்தும்போது மிஷின் கரண்டு ஆன்ல இருக்கணும், ஆஃப் பண்ணிட்டு செல்லைக் கழட்டினா மெமரி போயிரும். பானலைத் திறந்து வச்சு கரண்டோட செய்யற வேலைங்கறதால கையில மோதிரம், காப்பு, ஈரம் எதுவும் இருக்கக் கூடாது.

அடுத்து பேக்கப். மங்கலாவாவது தெரியுதுன்னா ராத்திரி பட்டறை லைட்டை எல்லாம் அணைச்சுட்டு ஒவ்வொரு பாராமீட்டர் பக்கமா ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துருங்க. டியூப்பை ஃபோன்ல எடுத்தா கருப்புப் பட்டை விழும், கேமராவுல ப்ரோ மோட் போயி ஷட்டரை 1/30க்கு இறக்கி, ஃபோனை ஸ்டூல் மேல எதுலயாவது சாச்சு வச்சு எடுத்தா தெளிவா விழும். ஃபானுக் 0ல 900ல ஆரம்பிக்கிற பாராமீட்டர்களை ஒண்ணு விடாம எடுங்க, அதெல்லாம் அந்த மிஷினுக்குன்னு கொடுத்த ஆப்ஷன், பக்கத்து பட்டறை மிஷினைப் பாத்து காப்பி அடிக்க முடியாது. ஆர்எஸ் 232 கேபிளும் பழைய லேப்டாப்பும் இருந்தா அதுலயும் இறக்கி வைங்க, வழக்கமா 4800 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட். ஃபோட்டோவும் இருக்கட்டும், ஃபைலும் இருக்கட்டும்.

ஒண்ணுமே தெரியலன்னா? கீழ சொல்றபடி, பழைய சிக்னலைப் புது மானிட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கிற கன்வெர்ட்டர் போர்டை டேபிள் மேல வச்சு ஒரு ஆபீஸ் மானிட்டர்ல முதல்ல படத்தை வரவழைங்க, பேக்கப் எடுங்க, அதுக்கப்புறம்தான் தகரம் வெட்டற வேலை எல்லாம்.

டியூப்தான் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? போர்டு போயிருந்தா?

நல்ல கேள்வி, இதைப் பாக்காம எல்சிடி வாங்கிட்டு வந்து உக்காந்தவுகளும் இருக்காக.

மானிட்டருக்கு சப்ளை வருதான்னு பாருங்க. 9 இன்ச் ஒத்தைக் கலர் மானிட்டர் நிறைய 24 வோல்ட் டிசில ஓடறது, ஃபியூஸ் மட்டும் போயிருந்தா நீங்க பொழச்சீங்க. 14 இன்ச் கலர்ல ஏசி சப்ளை போற மாதிரி இருக்கும், அது 230தான்னு நீங்களா நினைச்சுக்கிறாதீங்க, உள்ள டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து 100 வோல்ட்டும் வரலாம் 200 வோல்ட்டும் வரலாம், அளந்துக்கிருங்க.

சப்ளை இருக்குன்னா பின்னாடி டியூப்போட கழுத்தைப் பாருங்க, இருட்டுல ஆரஞ்சு கலர்ல சின்னதா வெளிச்சம் தெரியணும். வெளிச்சம் இருக்கு, லேசான சத்தமும் இருக்கு, படம் மட்டும் இல்லன்னா சிக்னல் வருதான்னு சந்தேகப்படுங்க. நடுவுல குறுக்கால ஒரே ஒரு பளிச்சுனு கோடு மட்டும் தெரிஞ்சா அது வெர்ட்டிகல் செக்ஷன், ஐசியோ விட்டுப்போன சால்டரோ, ரிப்பேர் பண்ணலாம். படம் வந்து மங்கிக்கிட்டே போச்சு, மிஷின் சூடானா கொஞ்சம் தெளியுதுன்னா டியூப் வயசாயிருச்சு இல்லாட்டி கண்டென்சர் காய்ஞ்சு போச்சு.

நிச்சயமா தெரிஞ்சுக்கணும்னா ஹெச் சிங்க், வி சிங்க் (படத்துல ஒவ்வொரு கோடும், முழுப் படமும் எப்ப ஆரம்பிக்குதுன்னு சொல்ற சிக்னல்) பின்னுல மல்டிமீட்டரை ஃப்ரீக்வென்சி ரேஞ்சுல வச்சுப் பாருங்க. ரெண்டுலயும் ஒரு எண் நிலையா நிக்குதுன்னா கண்ட்ரோலர் படத்தை அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கு, பாக்குறதுக்குத்தான் ஆளில்ல.

பழைய மானிட்டரையே ரிப்பேர் பண்ண முடியாதா?

முடியும். ஊர்ல சாலிடேர், டயனோரா டிவி காலத்து மெக்கானிக் யாராச்சும் இருந்தாருன்னா அவரைக் கூப்பிடுங்க, எங்களுக்கு முதல்ல ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க வச்சது அப்படி ஒரு பெரியவர்தான். கண்டென்சர் எல்லாத்தையும் மாத்தி, நாலஞ்சு இடத்துல மறுபடி ஈயம் வச்சு, படத்தைக் கொண்டாந்துட்டாரு, கூலியும் வாங்க மாட்டேன்னுட்டாரு. ஆனா டியூப்பே தேஞ்சு போச்சுன்னா அவரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஈ.எச்.டி, அதான் டியூப்புக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர், போச்சுன்னாலும் அதே நம்பர் கிடைக்கிறது கஷ்டம்.

டியூப் மானிட்டரைத் திறந்தா ஷாக் அடிக்குமாமே?

அடிக்கும், விளையாட்டில்ல. டியூப்போட ஆனோட்ல, அதான் அந்த ரப்பர் தொப்பிக்கு அடியில, சின்ன ஒத்தைக் கலர் டியூப்புல 10 ஆயிரம் வோல்ட்டு சுமாருக்கு இருக்கும், 14 இன்ச் கலர்ல 20 ஆயிரத்துக்கு மேல. கரண்டை நிறுத்தின பிறகும் அது உள்ள தேங்கி நிக்கும். பழகினவரை வச்சு, இன்சுலேஷன் போட்ட நீள ஸ்க்ரூட்ரைவர்ல ஒரு ஒயரைக் கட்டி மறு முனையை மானிட்டர் சட்டத்துல கிளிப் போட்டு, தொப்பிக்கு அடியில விட்டு டிஸ்சார்ஜ் பண்ணணும், கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை பண்ணணும். ஒத்தைக் கையால செய்யணும், மறு கை முதுகுக்குப் பின்னாடி. டியூப்பைத் தூக்கும்போது கழுத்தைப் பிடிச்சுத் தூக்காதீங்க, உடைஞ்சா உள்ள இருக்கிற வெற்றிடத்தால கண்ணாடி சிதறும்.

பழக்கமில்லன்னா மானிட்டரைத் திறக்கவே வேண்டாம், முழு டப்பாவாவே நாலு ஸ்க்ரூவைக் கழட்டி வெளிய எடுத்துருங்க. எல்சிடி போடறதுக்கு டியூப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்ல.

வீட்ல சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர் மானிட்டரை நேரா சொருகினா வராதா?

பெரும்பாலும் வராது. காரணத்தைப் புரிஞ்சுக்கிட்டா மத்த வேலை பூரா சுலபமாயிரும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

கம்ப்யூட்டர் மானிட்டர் விஜிஏல எதிர்பாக்குறது குறைஞ்சது 31.5 கிலோஹெர்ட்ஸ் ஹரிசாண்டல், அதாவது ஒரு செகண்டுக்கு 31 ஆயிரத்துச் சொச்சம் கோடு. பழைய கண்ட்ரோலர் அனுப்புறது அவ்வளவு வேகத்துல இருக்காது. கம்ப்யூட்டர்ல சிஜிஏன்னு இருந்த வகை 15.75, எம்டிஏ 18.4, இஜிஏ 21.8 வரைக்கும் போகும், மிஷின் மானிட்டர்கள்லயும் இந்த மாதிரி 15, 18, 24ன்னு விதவிதமா இருக்கும். மெதுவா வர்ற சிக்னலைப் புது மானிட்டர் எடுத்துக்காது, நோ சிக்னல், இல்லாட்டி அவுட் ஆஃப் ரேஞ்சுன்னு காட்டிட்டு தூங்கிரும்.

ரெண்டாவது, வோல்டேஜ். விஜிஏல கலர் சிக்னல் 0ல இருந்து 0.7 வோல்ட்டுக்குள்ள ஏறி இறங்கும். பழைய மானிட்டர் நிறைய டிடிஎல் வகை, ஒண்ணு 0 இல்லாட்டி 5 வோல்ட்டு, நடுவுல ஒண்ணும் கிடையாது. அதை அப்படியே 0.7 வோல்ட்டு எதிர்பாக்குற இடத்துல கொடுத்தா எழுத்து எல்லாம் வெளுத்து வீங்கிப் போகும், போர்டும் கெட்டுப் போகலாம்.

மூணாவது, சிங்க். சிலதுல ஹெச்சும் வியும் தனித்தனி ஒயர்ல வரும், சிலதுல ரெண்டும் ஒண்ணா கலந்து வரும், சிலதுல பச்சைக் கலர் ஒயர்லயே சேந்து வரும். படத்தோட சேந்து வர்ற சிங்க்கைப் பிரிக்கிறதுக்கு எல்எம் 1881னு சின்ன ஐசி இருக்கு, அதைப் போட்டா ஒழுங்கா பிரிச்சுக் கொடுக்கும்.

இந்த மூணையும் சமாளிக்கிறதுக்குத்தான் கன்வெர்ட்டர் போர்டு. ஜிபிஎஸ் 8200, ஜிபிஎஸ் 8220ன்னு கிடைக்கும், 5 வோல்ட்ல ஓடும், உள்ள சிஜிஏ, இஜிஏ மாதிரி மெதுவா வர்றதை வாங்கி வெளிய விஜிஏவா கொடுக்கும். 8220ல விஜிஏ வெளிய வர்ற சாக்கெட் ரெண்டு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஒயரை எங்க எங்க கொடுக்கிறது?

மிஷினோட மெயிண்டனன்ஸ் புக்குல மானிட்டர் கனெக்டர் பின் விவரம் இருக்கும். புக்கு கரையான் அரிச்சுப் போச்சுன்னாலும் வழி இருக்கு, பழைய மானிட்டரோட போர்டுல கனெக்டர் பக்கத்துல சின்ன எழுத்துல வீடியோ, ஹெச்டி, விடி, கிரவுண்டுன்னு அச்சடிச்சிருப்பாக, டார்ச் அடிச்சுப் பாருங்க. கிரவுண்டை மல்டிமீட்டர்ல கண்டுபிடிச்சுட்டு மத்ததை ஃப்ரீக்வென்சி ரேஞ்சுல வச்சுப் பாத்தா ஆயிரக்கணக்குல நிலையா நிக்கிறது ஹெச் சிங்க், 50, 60னு காட்டறது வி சிங்க், அலைபாயறது வீடியோ. எண்ணை பானல் கதவுல பென்சில்ல எழுதி வச்சுருங்க, போர்டோட மெனுல எந்த மோடு போடணும்னு அதுதான் சொல்லும்.

வீடியோ ஒயருக்கு நடுவுல ஒரு 470 ஓம் ரெசிஸ்டர். போர்டு உள்ள 75 ஓம் இருக்கும், 5 வோல்ட்டை இந்த ரெண்டும் பங்கு போட்டுக்கிட்டா 0.69 வோல்ட்டு மிஞ்சும், நமக்கு வேணுங்கிற 0.7க்கு அதுதான் கணக்கு. ஒரு ரூபா ரெசிஸ்டர்தான், இதைப் போடாம விட்டுத்தான் பாதிப் பேரு படம் சரியில்ல, போர்டு சரியில்லன்னு திட்டறாக.

ஒத்தைக் கலர் மானிட்டர்னா வீடியோவை பச்சைக்கு மட்டும் கொடுங்க. மூணுக்கும் சேத்துக் கொடுத்தா எழுத்து வெள்ளையா அழகாத்தான் வரும், ஆனா கண்ட்ரோலரோட ஒரு சின்ன சிப்பு மூணு மடங்கு சுமை தூக்கணும், அதுக்கு வயசு முப்பது ஆயிருச்சு, பாவம். ஆப்ரேட்டருக்கும் பச்சை எழுத்துதான் பழகின கண்ணு.

பழைய கேபிளை வெட்டாதீங்க. அதே மாதிரி கனெக்டர் வாங்கி தனியா ஒரு கேபிள் செஞ்சுக்கிருங்க, என்னைக்காவது பழைய மானிட்டரை சொருகிப் பாக்க வேண்டி வரும்.

ரெடிமேடா அப்படியே மாட்டற எல்சிடி விக்கிறாங்களே, அது வாங்கலாமா?

காசு இருந்தா வாங்குங்க, நல்ல வழிதான். பழைய மானிட்டர் பின்னாடி ஸ்டிக்கர்ல நம்பர் இருக்கும், ஃபானுக் 9 இன்ச்னா ஏ61எல்-0001-0093, 14 இன்ச் கலர்னா ஏ61எல்-0001-0074, 0094 இந்த மாதிரி. அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டா அதே ஸ்க்ரூ ஓட்டைக்கும் அதே கனெக்டருக்கும் பொருந்தற மாதிரி கிட்டு கிடைக்கும். ஒரு நாளைக்கு மிஷின் நின்னா பெரிய நஷ்டம்ங்கிற இடத்துல நான் அதைத்தான் போடச் சொல்லுவேன். நம்ம மாதிரி ஒண்ணு ரெண்டு மிஷின் வச்சிருக்கிற பட்டறைக்கு கன்வெர்ட்டர் போர்டு போதும், என்ன, ரெண்டு நாள் மெனக்கெடணும்.

எத்தனை இன்ச் எல்சிடி?

9 இன்ச் டியூப் இருந்த இடத்துக்கு 8.4 இன்ச், 14 இன்ச் இருந்த இடத்துக்கு 10.4 அல்லது 12.1 இன்ச். கட்டாயம் 4:3, அதாவது சதுர வாக்குல இருக்கிறது. அகல ஸ்கிரீன் போட்டா எழுத்து எல்லாம் அமுக்கின முறுக்கு மாதிரி விரிஞ்சு போகும். பழைய 15 இன்ச் சதுர மானிட்டர் செகண்ட்ஸ்ல மலிவா கிடைக்குதேன்னா, அது ஓட்டைக்குள்ள போகாது, பிராக்கெட் வச்சு வெளிய நிறுத்தலாம்.

இன்னொண்ணு, மலிவு எல்சிடிய கீழ இருந்து பாத்தா கருத்துப் போகும். உங்க ஆப்ரேட்டரை அவர் வழக்கமா நிக்கிற இடத்துல நிக்க வச்சு பாக்கச் சொல்லிட்டு அப்புறம் ஸ்க்ரூ போடுங்க.

கரண்டு எங்க இருந்து எடுக்கிறது?

24 வோல்ட் டிசி பழைய மானிட்டருக்கு வந்துச்சுன்னா அதுலயே வோல்டேஜைக் குறைக்கிற பக் கன்வெர்ட்டர் ரெண்டு, எல்சிடிக்கு 12 வோல்ட், போர்டுக்கு 5 வோல்ட். சின்ன எல்சிடி 10, 15 வாட்டுதான் இழுக்கும், பழைய டியூப்பை விட குறைச்சல். ஒயரை மாட்டறதுக்கு முன்னாடி பக் கன்வெர்ட்டர்ல வோல்டேஜை திருகி செட் பண்ணி மீட்டர்ல பாத்துக்கிருங்க, வாங்கும்போது அது எதுல நிக்கும்னு சொல்ல முடியாது. கண்ட்ரோலர் போர்டோட 5 வோல்ட்ல மட்டும் கை வைக்காதீங்க, ஆக்ஸிஸ் எங்க நிக்குதுன்னு சொல்ற என்கோடருக்கும் மெமரிக்கும் போற 5 வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் எங்கயோ ஒரு அலாரம் வரும், ஏன்னு கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

டேபிள்ல படம் நல்லா வந்துச்சு, மிஷின்ல மாட்டினதும் ஸ்பிண்டில் ஓடும்போது நடுங்குது.

மோட்டாரை ஓட்டற டிரைவ்ல இருந்து வர்ற நாய்ஸ். கேபிள் ஷீல்டு போட்டதா இருக்கணும், ஷீல்டை ஒரு முனைல மட்டும் எர்த் பண்ணணும், மோட்டார் கேபிளோட ஒட்டிக்கிட்டுப் போகக் கூடாது. எங்களுக்கு இது எல்லாம் பண்ணியும் நடுக்கம் நிக்கல, கடைசில பாத்தா பானல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல இருந்த எர்த் பின்னல் கழண்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு, செம்மண் தூசி அப்பி துருப்பிடிச்சிருந்த இடத்தை எமரி ஷீட்டால தேச்சு முடுக்கினோம், அந்த நிமிஷமே படம் கல்லு மாதிரி நின்னுச்சு.

கூலண்ட் ஆவி உள்ள போகாம சுத்தி ரப்பர் பீடிங் வைங்க, முன்னாடி ஒரு பாலிகார்பனேட் ஷீட்டு. கேபிள் போற ஓட்டையை அடைச்சுருங்க, பல்லி பூந்து போர்டு மேல செத்துக் கெடந்ததை எடுத்துருக்கேன்.

படம் வந்துருச்சு. வேலை முடிஞ்சுச்சா?

இல்ல. பாதிப் பேரு இங்க நிறுத்திர்றாக, ஆனா இனிமேதான் முக்கியமான வேலை.

கன்வெர்ட்டர் போர்டுல இருக்கிற சின்ன பட்டனை அமுக்கி வெளிய போற ரெசல்யூஷனை உங்க எல்சிடியோட சொந்த அளவுக்கு வைங்க, 800க்கு 600 எல்சிடின்னா 800க்கு 600. அப்புறம் படத்தை இடமா வலமா, மேலயா கீழயா நகத்தி நாலு ஓரமும் தெரியிற மாதிரி வைங்க. ஸ்கிரீனுக்குக் கீழ சாஃப்ட் கீ வரிசையா இருக்குல்ல, படத்துல கடைசி வரில இருக்கிற அந்தந்தப் பேரு அந்தந்த பட்டனுக்கு நேர் மேல வரணும். விரல் அளவு நகந்தாலும் ராத்திரி ஷிஃப்ட்ல தப்பு பட்டனை அமுக்கிருவாக.

அப்புறம் ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து, ஒண்ணும் ஓடாத நேரத்துல, உபயோகத்துல இல்லாத ஒரு நம்பர்ல சின்னதா மைனஸ் மதிப்பு ஒண்ணைப் போடுங்க. மைனஸ் தெரியுதா, புள்ளி தெரியுதா. அடுத்து 8, 6, 0, 3 எல்லாம் வர்ற மாதிரி ஒரு எண்ணைப் போட்டு, அந்த மிஷினை ஓட்டறவரை மூணு அடி தள்ளி நின்னு சத்தமா படிக்கச் சொல்லுங்க. நீங்க படிக்காதீங்க, என்ன போட்டோம்னு உங்களுக்குத் தெரியும், கண்ணு ஏமாத்திரும். 8ஐ 6ன்னு படிச்சாருன்னா போர்டுல ஃபேஸ், ஷார்ப்னெஸ் மாத்தி மறுபடி வைங்க. முடிஞ்சதும் அந்த நம்பரை பழையபடி 0 ஆக்க மறக்காதீங்க.

நாங்க மாத்தின அன்னைக்கு தம்பி ஒரு பக்கம் பூரா படிச்சுட்டு, "அண்ணே, இந்த இடத்துல புள்ளி இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தாண்ணே தெரியும்"னு சொல்லுச்சு.

கன்வெர்ட்டர் போட்டா படம் லேட்டா வருமா?

கண் இமைக்கிற நேரம் கூட இருக்காது. மிஷினோட ஓட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ராஸ்பெர்ரி பை வச்சு பண்றாங்களாமே?

ஆமா, ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐனு ஒரு சின்ன போர்டை பை ஜீரோ மேல மாட்டி பண்றது. டிடிஎல் சிக்னலை டிஜிட்டலாவே எடுக்கிறதால எழுத்து கத்தி மாதிரி நிக்கும், ஜிபிஎஸ் போர்டுல வர்ற லேசான கலங்கல் இருக்காது. செட்டிங் பண்ண கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிஞ்ச பசங்க வேணும். பொறுமை இருந்தா இதுதான் என் முதல் சாய்ஸ்.

சாமான் எல்லாம் எங்க வாங்கறது?

போர்டு ஆன்லைன்லயே வந்துரும், சில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுரும். இண்டஸ்ட்ரியல் எல்சிடி, கனெக்டர் எல்லாம் கண்ணால பாத்து வாங்கணும்னா வெள்ளனவே பல்லவன்ல ஏறி எழும்பூர்ல இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போயிருங்க. போகும்போது பழைய கனெக்டரோட ஃபோட்டோ, ஸ்கேலை பக்கத்துல வச்சு எடுத்தது, கையில இருக்கட்டும். செகண்ட்ஸ் எல்சிடின்னா கடையிலேயே எரிய விட்டுப் பாத்து வாங்குங்க, ஒரு மூலைல ஒரு கோடு செத்திருந்தா கூட வேண்டாம், அந்தக் கோடு எந்த எண்ணு மேல விழும்னு யாருக்குத் தெரியும்.

கழட்டின டியூப்பை என்ன பண்றது?

புது ஸ்கிரீன் ஆறு மாசம் நல்லா ஓடற வரைக்கும் பழைய மானிட்டரை சாக்குல சுத்தி பரண்ல வைங்க. அப்புறம் பழைய இரும்புக் கடைல போடாதீங்க, காப்பருக்காக உடைப்பாக, அந்தக் கண்ணாடில ஈயம் இருக்கு, மழைல மண்ணுக்குள்ள இறங்கும். 2022ல வந்த மின்கழிவு விதிப்படி பதிவு பண்ணின ரீசைக்கிள் பண்றவுககிட்டக் கொடுங்க. ஒத்தை மானிட்டருக்கு யாரும் வண்டி அனுப்ப மாட்டாக, நாலு பட்டறைக்காரவுக சேந்து சேத்து வச்சு அனுப்புங்க, நாங்க இப்ப அப்படித்தான் மூணு டியூப்பை ஒரு மூலைல சேத்து வச்சிருக்கோம்.